உங்களுக்குத் தெரியுமா? தழும்போடு தொடங்கும் தீவு

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' (1954) நாவலில், விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கிய சிறுவர்கள் இன்னும் ஒரு கல்லைக்கூட எறியவில்லை, அதற்குள் தீவு அடிபட்டுக் கிடக்கிறது. விழுந்த விமானம் காட்டைக் கிழித்துப் போட்ட தடத்தை முதல் பக்கத்திலேயே 'தழும்பு' என்கிறார் கோல்டிங். பச்சைக் காயத்தைப் போய் ஏன் தழும்பு என்றார்? ஆறினாலும் மறையாது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

கப்பலுக்குச் சைகை காட்டத்தான் முதல் நெருப்பை மூட்டுகிறார்கள். அது கைமீறிக் காட்டுக்குள் இறங்குகிறது. எரிந்து நெளியும் கொடிகளைப் பார்த்து வாண்டுகள் "பாம்பு! பாம்பு!" என்று அலறுகின்றன. சற்றுமுன் கூட்டத்தில் 'பாம்பு மாதிரி ஒன்று' பற்றிப் பயந்து சொன்னவன், முகத்தில் பெரிய மறுவுள்ள ஒரு பொடியன். அந்தத் தீக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவனுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது.

அந்த நெருப்பில் ஒரு பிழை உண்டு. அதை மூட்டியது பிக்கி என்ற சிறுவனின் மூக்குக்கண்ணாடியால். அவனுக்கோ கிட்டப்பார்வை. அதற்குப் போடும் குழிவில்லை வெயிலைக் குவிக்காது, விரிக்கும். அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு பீடிகூடப் பற்றவைக்க முடியாது!

நாவலின் தலைப்பு, தமிழ் பைபிளில் பெயெல்செபூல் என்று வரும் பேயின் பெயருக்குச் சொல்லப்படும் பொருள்: ஈக்களின் அதிபதி. கதையில் அது குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காட்டுப்பன்றியின் வெட்டிய தலை. இரண்டு முனையும் சீவிய குச்சியில் அதைக் குத்தி நட்டுவைக்கிறார்கள். இதில் என்னை உறையவைப்பது தலை அல்ல, குச்சிதான். கடைசியில் அவர்களில் ஒருவனான ரோஜர் அதேபோல் இன்னொன்றைச் சீவுகிறான், அவர்களிடமிருந்து ஒளிந்திருக்கும் ரால்ஃப் என்ற சிறுவனுக்காக. எதற்கு என்று கோல்டிங் விளக்கவே இல்லை.

ரால்ஃபை வெளியே துரத்தத் தீவையே கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைப் பார்த்துத்தான் மீட்கக் கப்பல் வருகிறது. வருவதும் போர்க்கப்பல்.

கோல்டிங்குக்குக் கடற்படை அனுபவம் உண்டு. 1944இல் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது, கரையை நோக்கி ராக்கெட் வீசிய படகு ஒன்றுக்கு அவர்தான் தளபதி.

பூமியே ஓர் உயிர்போலத் தன்னைச் சீராக்கிக்கொள்கிறது என்ற கருதுகோளுக்குப் பெயர் சூட்டியவரும் இவர்தான். ஒரே ஊர்க்காரரான விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக்கோடு பேசிக்கொண்டு நடந்தபோது, கிரேக்கப் பூமித்தாயின் பெயரான 'கையா'வை எடுத்துக் கொடுத்தார். லவ்லாக்கின் காதில் அது முதலில், கடல்நீர்ச் சுழலைக் குறிக்கும் 'ஜையர்' என்று விழுந்ததாம்.