கப்பலின் மூக்கும் 24 நாள் கணக்கும்

சென்னையிலிருந்து ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக் துறைமுகத்துக்குக் கப்பலில் 24 நாளாமே, விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார் திருவொற்றியூர் வாசகர் ஒருவர். நேராகப் பறந்தால் சுமார் 5,900 கி.மீ. நேரடி விமானம் ஒன்று விட்டால் ஏழு, ஏழரை மணி நேரம். கப்பல் மலாக்கா நீரிணை, சிங்கப்பூர், தென்சீனக் கடல் என்று சுற்றியாக வேண்டும். சுமார் 5,600 கடல் மைல், அதாவது 10,400 கி.மீ.

2019 செப்டம்பரில் இந்தத் தடத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டதிலிருந்து, '40 நாள் பயணம் 24 ஆகக் குறையும்' என்ற வரி செய்திகளில் உலா வருகிறது. அந்த 40 நாள் மும்பையிலிருந்து சூயஸ் வழியாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போவதற்கு. விளாடிவோஸ்டாக்கோ ரஷ்யாவின் மறுகோடி. மாஸ்கோவிலிருந்தே ரயில் பாதை 9,289 கி.மீ. புறப்படும் ஊரும் வேறு, சேரும் ஊரும் வேறு. பிறகு எதிலிருந்து எதைக் கழித்து 16 நாள் மிச்சம் என்கிறார்கள்?

சரி, 24 நாள் எதற்கு? மணிக்கு 20 கடல் மைல் போனால் 12 நாளில் சேர்ந்துவிடலாமே! சேரலாம், எண்ணெய்க் காசைப் பார்க்காவிட்டால். வேகம் இரட்டித்தால் இன்ஜினுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். நேரம் பாதியாவதால், மொத்தப் பயணத்துக்கு நான்கு மடங்கு எண்ணெய்.

டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் நடந்தவர்களுக்கு இது புரியும். மெல்ல நடந்தால் தண்ணீர் விலகி வழி விடும். அவசரப்பட்டால் தொடையில் அறையும். நீங்கள் கிளப்பிய அலை அடுத்த வீட்டுப் படியேறி அந்த அம்மாவிடம் திட்டும் வாங்கித் தரும். அந்த அலைக்கான சக்தியும் உங்கள் காலிலிருந்து போனதுதான். இப்போது உங்களுக்கு ஓரடி முன்னால் ஒரு பொடியன் நடக்கிறான். அவன் அலையின் பள்ளத்தில் உங்கள் அலையின் மேடு விழுந்தால் இரண்டும் அடங்கிவிடும்.

கப்பலுக்கு அந்தப் பொடியன் உண்டு. ராயபுரம் பக்கம் கரையில் நின்றால், சரக்கில்லாமல் மிதந்து நிற்கும் கப்பலின் முன்புறத்தில், வழக்கமாக நீருக்குள் மறைந்திருக்கும் குமிழ் மூக்கு சில நேரம் வெளியே தெரியும். அழகுக்கு வைத்ததல்ல, முகப்பு எழுப்பும் அலையைத் தன் அலையால் அமுக்கத்தான். ஆனால் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் அலையின் நீளம் சுமார் 68 மீட்டர். 10 கடல் மைலில் 17 மீட்டர்தான். ஒரு வேகத்துக்கென்று செய்த மூக்கு இன்னொரு வேகத்தில் மேட்டோடு மேட்டைச் சேர்த்துவிடலாம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் கப்பல்களை மெதுவாக ஓட்டத் தொடங்கிய கம்பெனிகள், சிலவற்றின் மூக்கை அறுத்து வேறு மூக்கு பொருத்தின. கப்பலுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி!

வரலாறு கேட்பவர்களுக்கு: 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் என்பவர் சின்னக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து அலைக் கணக்கைப் போட்டார். இன்றும் புதுக் கப்பலின் மாதிரியைத் தொட்டியில் இழுத்துத்தான் பார்க்கிறார்கள்.

தடத்தை விளம்பரப்படுத்துபவர்கள் இந்தக் கணக்கையும் போடலாம். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் விரைவு சாலையில் டிரெய்லர் வரிசை குறைந்து, பெட்டிகள் சீக்கிரம் ஏறி, கப்பல் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புகிறது என்று வையுங்கள். 12 நாள் ஓட்டத்தை 13 நாளாக நீட்டலாம். சரக்கு அதே தேதியில் சேரும், எண்ணெய் ஏறக்குறைய 15 சதவீதம் மிச்சம்.