நாளுக்கு நாள் வளரும் எதிரி

குழந்தைகளின் வயிற்றுவலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அடங்காது. அதற்கு ஒரு காரணம், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் வளரும் பர்க்கிட் லிம்ஃபோமா. நிணநீர்த் திசுக்களில் தோன்றும் புற்றுநோய்.

1958-ல் சர்ஜன் டெனிஸ் பர்க்கிட் உகாண்டாவில் கண்டு எழுதியது குழந்தைகளின் தாடைக் கட்டி பற்றி. இந்தியக் குழந்தைகளிடம் அது அதிகம் தாக்குவது வயிற்றை.

இதன் ஆயுதம் வேகம். ஓரிரு நாளிலேயே கட்டி இருமடங்காகலாம். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகி அடைத்துக்கொள்வதும் உண்டு. குடல் செருகல் வழக்கமாகக் கைக்குழந்தைகளுக்கு வருவது. பள்ளி செல்லும் சிறுவனுக்கு வந்தால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு குழப்பம், காசநோய். அதுவும் குடலின் அதே இடத்தைத்தான் பிடிக்கும். அதே வலி, காய்ச்சல், மெலிவு. ஸ்கேனைப் பார்த்து, ஊகத்தில் காசநோய் மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் புற்றுநோய் முந்திக்கொள்ளும். பயாப்சி ஒன்றே சந்தேகத்தைத் தீர்க்கும்.

இத்தனைக்கும் இது குணமாகக்கூடிய நோய். கிமோதெரபிக்குச் சட்டென்று கரையும் கட்டி. 2020-ல் வெளியான சர்வதேச ஆய்வொன்றில், நோய் முற்றிய குழந்தைகளுக்குக் கிமோதெரபியுடன் ரிடுக்சிமாப் மருந்தும் தரப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் பிழைத்திருந்தவர்கள் 100-க்குச் சுமார் 94 பேர்.

விடாத வலி, வயிற்றில் தட்டுப்படும் கட்டி, மலத்தில் ரத்தம். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புவது நல்லது.