பணம் போனது தெரிகிறது, கோரிக்கை போன வழி தெரிகிறதா?

தீபாவளி நெருங்கும்போது நம்மில் பலர் ஊருக்குச் செல்ல இணையத்தில் பேருந்துச் சீட்டு வாங்குகிறோம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்வோம். வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை வெகுநேரம் சுற்றுகிறது. சீட்டு ஒன்றுதான் வருகிறது, பணமோ இரண்டு முறை கழிந்திருக்கிறது! சீட்டு விற்றவரைக் கேட்டால் வங்கியைக் காட்டுவார். வங்கியோ, "இரண்டு கோரிக்கை வந்தது, இரண்டுக்கும் கொடுத்தோம்" என்று சொல்லும். நடுவில் அலைபவர் நீங்கள்.

யார் சொல்வது சரி? இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரு வழிமுறையைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன். கணினித் துறையில் இதை 'டிரேசிங்', அதாவது தடமறிதல் என்கிறார்கள்.

சீட்டு விற்கும் மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. இருக்கை காலியாக உள்ளதா என்று பேருந்து நிறுவனத்தின் கணினியைக் கேட்கும். பணம் வசூலிக்கக் கட்டணச் சேவை நிறுவனத்தின் கணினியைக் கேட்கும். இவை அதனிடமிருந்து வெளியே போகும் கோரிக்கைகள். பல மென்பொருள்கள் உள்ளே வருபவரைக் கவனமாகப் பதிவு செய்கின்றன. வெளியே அனுப்பியதைப் பதிவதில்லை. முன்வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறது, பின்கதவில் ஒன்றும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

பதிவுத் தபாலை நினைத்துப் பாருங்கள். அனுப்பும் அஞ்சலகம் ஓர் எண் ஒட்டுகிறது. எத்தனை கை மாறினாலும் எண் மாறாது. அதுபோல் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஓர் எண் பிறக்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் மென்பொருள் அதை எழுதி அனுப்புகிறது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதியது. உலகளாவிய வலைத்தளக் கூட்டமைப்பு 2020இல் இதற்குப் பொதுவான ஒரு முறையை வகுத்தது. அதில் பயண எண்ணுக்கு 32 குறிகள், அந்தப் பயணத்தின் குறிப்பிட்ட கட்டத்துக்கு 16 குறிகள்.

எண் மட்டும் போதாது. கோரிக்கை புறப்பட்ட நேரம், பதில் வந்த நேரம், வந்த பதில் என்ன என்பதையும் குறிக்க வேண்டும். பதிலே வராவிட்டாலும் குறிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நம் சீட்டு விவகாரத்தில் நடந்தது இப்படி இருக்கலாம். முதல் கோரிக்கைக்கு 30 விநாடி வரை பதில் இல்லை. மென்பொருள் தானாகவே இரண்டாவது கோரிக்கையை அனுப்பியது. அதற்கு 2 விநாடியில் பதில் வந்தது. முயற்சி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்திருந்தால், ஒரே பயண எண்ணின் கீழ் இரண்டு வரிகள் தெரியும். ஒரு சீட்டுக்கு இருமுறை கேட்டது விற்பனையாளரின் மென்பொருளே என்பது புரிந்துவிடும். மறுமுனை நிறுவனம் நம் எண்ணைக் கண்டுகொள்ளாவிட்டாலும் இந்தப் பாதிச் சாட்சியம் நம் கையில் இருக்கும்.

மென்பொருள் எழுதும் இளையருக்கு ஒரு வார்த்தை. கோரிக்கை அனுப்பும் ஒவ்வோர் இடத்திலும் இதைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எல்லாக் கோரிக்கைகளும் கடக்கும் ஒரே வாயிலில் வையுங்கள். 'ஓப்பன்டெலிமெட்ரி' என்ற இலவசக் கருவித் தொகுப்பு 2019இல் தொடங்கியது. பல கணினி மொழிகளில் அதுவே இந்த வேலையைச் செய்து தருகிறது.

எல்லாவற்றையும் சேமித்தால் செலவு ஏறும். கூகுள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'டாப்பர்' ஆய்வறிக்கையில், தொடக்கத்தில் சராசரியாக 1,024 பயணங்களில் ஒன்றை மட்டுமே பதிந்ததாகச் சொல்லியிருக்கிறது. தேடல் பக்கத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் சீட்டு மீதி 1,023இல் ஒன்றாக இருந்தால்? பணம் கைமாறும் கோரிக்கைகளை ஒன்று விடாமல் பதிய வேண்டும் என்பது என் கருத்து.

அதே சமயம், பதிவேட்டில் அடையாள அட்டை எண்ணோ வங்கி அட்டை எண்ணோ ஏறக்கூடாது. கோரிக்கையின் முழு முகவரியையும் அப்படியே பதிந்தால் சில வேளை இவையும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தடம் காட்ட அந்த 32 குறிகளே போதும். அவற்றில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.