சம உயரக் கோடும் கண்மாய்க் கரையும்

திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி நிலத்தை நனைக்கும் குண்டாறு, வருசநாட்டு மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில் பிறக்கின்றது. அம்மலைக் காடுகள் பல, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துள் அடங்கியுள்ளன. நுழைதற்கரிய அக்காடுகளை அளப்பது எங்ஙனம்?

நடந்து அளக்கவியலாததைக் கோணத்தால் அளக்கலாம். நந்தனாக் கோட்டை மலையிலிருந்து தொடுவானத்தின் தாழ்வை அளந்தே அல்பீரூனி புவியின் ஆரத்தைக் கணித்தார். 1802இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவையும் அவ்வகையினதே: அடிக்கோடுகளை மட்டும் நிலத்தில் அளந்து, ஏனைய தொலைவுகளைக் கோணங்களால் கணித்தனர்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படங்களில் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் உயர இடைவெளியில் அமையும். மலையில் அவை நெருங்கி நின்று ஓடைகளையும் நீர்பிரி முகடுகளையும் காட்டிவிடும். சமவெளியிலோ இரு கோடுகளுக்கிடையே பல ஊர்கள் அடங்கிவிடும். கண்மாயை நிரப்புவது ஓரிரு மீட்டர் சரிவே. அச்சரிவறிந்து, மட்டத்தை ஒட்டி வளைத்துக் கட்டிய கண்மாய்க் கரை, முன்னோர் மண்ணில் வரைந்த சம உயரக் கோடாகும்.

ஆகவே, நீர் பிறக்குமிடத்தை அப்படம் சொல்லும். அது எவ்வூர்க் கண்மாயைச் சேரும் என்பதைச் சொல்லாது. தூர்ந்துபோன வரத்துக்காலை மீட்க, சென்டிமீட்டர் கணக்கில் மட்டம் பார்த்து வரைந்த தனிப்படம் வேண்டும்.