சமூகவியல் படித்தால் என்ன பயன்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும், நம் இல்லங்களில் எழும் பேச்சு மருத்துவம், பொறியியல், கணினி, வணிகவியல் என்னும் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. "சமூகவியல் படிக்கிறேன் வாப்பா" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதே பதிலாக வருகிறது. கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடையும் உண்டு.

மனிதர் கூடி வாழும் முறையை ஆராய்வது சமூகவியல். குடும்பம், திருமணம், தொழில், சமயம், ஊர்க் கட்டுப்பாடு யாவும் அதில் அடங்கும். இதை மேலைநாட்டுச் சரக்கு என ஒதுக்குவோர் இப்னு கல்தூனை நினைக்க வேண்டும். 1332இல் துனிஸ் நகரில் பிறந்த அப்பேரறிஞர், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அரசுகள் எழுவதும் வீழ்வதும் ஏன் என ஆராய்ந்தார். 'அஸபிய்யா' எனும் கூட்டுணர்வு தளரும்போது ஆட்சியும் தளர்கிறது என்று கண்டார். பிரெஞ்சு அறிஞர் அகஸ்ட் காம்ட் இத்துறைக்குப் பெயர் சூட்டியதோ 19ஆம் நூற்றாண்டில்தான்.

நம்மை யார் எழுதுவது?

பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்ட மேட்டிசன் மைன்ஸ் ஓர் அமெரிக்கர். அவர் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் நம் வாழ்வை நாமே ஆராய வேண்டாமா? காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவி வீட்டில் வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அது பெண்ணுக்குத் தரும் பாதுகாப்பு எவ்வளவு? பெற்றோர் தலையில் ஏற்றும் சுமை எவ்வளவு? இதை வீட்டின் உள்ளறைவரை சென்று கேட்டறிய, நம் பெண்மக்களைவிடத் தகுந்தவர் யார்?

முறையான ஆய்வுக்கு வலிமை உண்டு. 2005இல் அமைக்கப்பட்ட சச்சார் குழுவில் சமூகவியல் பேராசிரியர் டி.கே. உம்மன் இடம்பெற்றிருந்தார். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இந்திய முஸ்லிம்களின் நிலையை 2006இல் அக்குழுவின் அறிக்கை புள்ளிவிவரங்களோடு நாட்டின் முன் வைத்தது. அதுவரை மனக்குறையாகப் பேசப்பட்டது, அதன்பின் மறுக்கவியலாத சான்றாயிற்று.

படிப்பும் பணியும்

திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை உள்ளது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. சமூகவியலில் சேர்த்துக்கொள்கின்றன. வெளியூர் செல்ல இயலாதோர் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி படிக்கலாம்.

இளங்கலையோடு நிறுத்தினால் வாய்ப்புகள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முதுகலை முடித்து 'நெட்' தேர்வில் வென்றால் கல்லூரி ஆசிரியப் பணிக்கு வழி திறக்கும். இளநிலை ஆய்வு நிதிக்குத் தகுதி பெற்றால் உதவித்தொகையுடன் ஆய்வு செய்யலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாகக் கொள்ளலாம். தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைத் துறை, கள ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இப்படிப்புக்கு இடமுண்டு.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் 2,000 ஏக்கருக்கும் அதிகம். இனி மீனவர் தொழில் என்னாகும்? பனைத்தொழிலாளர் பிள்ளைகள் எங்கே போவார்கள்? புதிய வேலைகள் யாருக்குக் கிடைக்கும்? முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என அக்கம்பக்கமாய் வாழ்ந்துவரும் இக்கரையின் உறவுகள் எவ்வாறு மாறும்? ராக்கெட்டின் வேகத்தை அளக்கப் பொறியாளர்கள் வருவார்கள். இம்மாற்றங்களை வீடு வீடாகக் கேட்டுப் பதிவுசெய்ய இவ்வூர்ப் பிள்ளைகளே முன்வர வேண்டும். அவ்வாறு விரும்பும் மகனையோ மகளையோ பெற்றோர் தடுக்காதிருந்தால், இன்ஷா அல்லாஹ், அப்படிப்பு அக்குடும்பத்துக்கு மட்டுமின்றி ஊருக்கும் பயன் தரும்.