கறுத்த சிமென்ட்

சிமென்ட்டில் மின்சாரம் பாயுமா? எந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சிரிப்பார். 2003-ல் ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடம் பாயவைத்துக் காட்டியது. எடுத்துக்கொண்ட பொருள், அலுமினா சிமென்ட்டில் காணப்படும் ஒருவகைக் கால்சியம் அலுமினேட். சுண்ணாம்பும் அலுமினாவும் பன்னிரண்டுக்கு ஏழு என்ற மூலக்கூறுக் கணக்கில் சேர்ந்தது; வெள்ளைத் தூள்.

அதன் படிகத்துக்குள் நுண்ணிய கூண்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால், ஒரு கூறில் பாதிகூட இராது ஒரு கூண்டின் உள்விட்டம். சில கூண்டுகளில் ஆக்சிஜன் அயனிகள் அடைபட்டிருக்கும். கால்சியம் உலோகத்தோடு வைத்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் வெளியேறும், எலெக்ட்ரான்கள் தங்கிவிடும். வெள்ளை பச்சையாகி, பிறகு கறுக்கும். கூண்டு விட்டுக் கூண்டு எலெக்ட்ரான் தாவ, மின்சாரம் ஓடும்! 2012-ல் இதன்மேல் ருத்தேனியத் துகள்களைப் படியவைத்து, அம்மோனியா தயாரிக்கும் வினையூக்கியாகவும் ஆக்கினார்கள். ருத்தேனியம் அரிய உலோகம்தான். ஆனால் நைட்ரஜனின் முரட்டுப் பிணைப்பை அவிழ்க்க அதற்கு எலெக்ட்ரானை வாரிக் கொடுப்பது சுண்ணாம்புச் சரக்கு.

இப்படி எளிதில் கிடைக்கும் பொருள்களில் அரிய தனிமங்களுக்கு மாற்றுத் தேட ஜப்பான் அரசு 2007-லேயே தனித் திட்டம் வகுத்தது. 2010-ல் சீனாவிலிருந்து அருமண் தனிமங்கள் வருவது தடைபட்டபோது, அந்த முன்யோசனையின் அருமை புரிந்தது.

2025 ஏப்ரலில் அதே நெருக்கடி நம் வாசலுக்கு வந்தது. சீனா கட்டுப்பாடு விதித்ததும், அருமண் காந்தம் கிடைக்காமல் நம் வாகன ஆலைகள் தவித்தன. கையளவு காந்தத்துக்காக முழு வண்டியும் காத்துக்கிடக்கும் நிலையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நாளைக்கு எதை நிறுத்துவார்கள்? மணவாளக்குறிச்சி மணலிலேயே அருமண் தாதுவான மோனசைட் இருக்கிறதே என்பவர்களும் உண்டு. இருக்கட்டும்; கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் வருவதால் அது லேசில் முடிகிற வேலையல்ல.

பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன் சுமார் 46 சதவீதம், சிலிக்கான் 28, அலுமினியம் 8, இரும்பு 5, கால்சியம் 4. எந்தத் துறைமுகத்தை அடைத்தாலும் இந்த ஐந்தையும் யாராலும் மறிக்க முடியாது. நம் பாதுகாப்பு இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அரியலூர்ப் பக்கம் லாரி லாரியாகச் சுண்ணாம்புக்கல் போகிறது. அதை மூட்டை கட்டி விற்க நமக்குத் தெரியும். ஒரு கைப்பிடியை உலையில் இட்டு, அது கறுக்கும்வரை காத்திருப்பவர்களுக்கும் நாம் சம்பளம் கொடுக்க வேண்டும்.