பேஸ் கிட்டாரின் உள்ளே: அன்றும் இன்றும்

1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனிலிருந்து வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைத் திறந்து பார்த்தால், பிக்அப்பைத் தவிர, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் இரண்டு பாட் (மாறும் மின்தடை), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக், அவற்றை இணைக்கும் சில வயர்கள் மட்டுமே இருக்கும். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் முன்பு ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கருவிக்குள் அவர் வைத்ததும் ரேடியோக்காரர் மேசையில் கிடக்கும் பொருள்களையே. அதனால் ரேடியோவைப் பிரித்து மாட்டத் தெரிந்த எவராலும் அந்தக் கிட்டாரைச் சரிசெய்ய முடிந்தது.

அன்றைய வயருக்குத் துணி உறை. நுனியில் உறையைப் பின்னுக்குத் தள்ளினால் போதும், கத்தி வேண்டாம். 1960களின் இறுதியில் பிளாஸ்டிக் உறை அந்த இடத்தைப் பிடித்தது. ஈரத்தை அது நன்றாகத் தாங்குகிறது. ஆனால் சாலிடரிங் அயனைச் சற்று அதிக நேரம் வைத்துவிட்டால் உருகிச் சுருங்கி உள்கம்பியைக் காட்டிவிடும். சாலிடரும் மாறியது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சாலிடர் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு பரவிய ஈயமில்லாச் சாலிடருக்கு 217 டிகிரியாவது வேண்டும். வேலை செய்பவரின் உடலுக்கு இது நல்லது. பழைய பாட்டின் முதுகில் எர்த் வயரைப் பற்றவைக்கும்போது மட்டும் கூடுதல் சூடும் கூடுதல் நிதானமும் தேவைப்படுகின்றன.

அந்தப் பாட்டின் முதுகைப் படிப்பதும் ஒரு கலையாக இருந்தது. 304 6320 என்று குத்தியிருந்தால் அது ஸ்டாக்போல் நிறுவனத்தின் பாட், 1963ஆம் ஆண்டின் 20ஆவது வாரத்தில் செய்தது. 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். அந்த எண்ணை வைத்தே ஒரு பேஸ் எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். இன்று மலிவான பேஸ்களில் வரும் சிறிய பாட்கள் பலவற்றில் மதிப்பைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. அந்த மதிப்பும் ஏறத்தாழதான். 250 கிலோ ஓம் என்று அச்சிட்ட பாட் 200க்கும் 300க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

அதிகப் பணமும் அதிகப் பேச்சும் செலவாவது கெப்பாசிட்டரில். ஐம்பதுகளில் மெழுகுத் தாள் கெப்பாசிட்டர். அது ஈரம் குடித்து மதிப்பு மாறும். பிறகு தட்டையான செராமிக் வில்லை வந்தது. முதலில் 0.1 மைக்ரோஃபாரட், பின்னர் 0.05. இன்றைய வழக்கம் 0.047. இப்போது கிடைக்கும் பிலிம் கெப்பாசிட்டர் சொன்ன மதிப்பிலிருந்து ஐந்து அல்லது பத்து சதவீதத்துக்குள் நிற்கும். பழைய வில்லையிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஒரே மாதத்தில் செய்த இரண்டு பேஸ்கள் இரண்டு விதமாக ஒலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வேறுபாட்டை இழந்தது எனக்குச் சற்று வருத்தமே.

ஆனால் பழைய எண்ணெய்த் தாள் கெப்பாசிட்டரை அதன் வயதுக்காக மட்டும் பெருவிலை கொடுத்து வாங்குவதை நான் ஏற்கவில்லை. டோன் குமிழைத் திருகத் திருக உயர் ஒலிகள் கெப்பாசிட்டர் வழியே எர்த்துக்கு இறங்குகின்றன. எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்வது அதன் மதிப்பு. குமிழ் முழுக்கத் திறந்திருந்தால் நடுவில் 250 கிலோ ஓம் நிற்கிறது. கெப்பாசிட்டர் எதுவானாலும் காதுக்குத் தெரிவது அரிது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷனைப் பற்றிச் சொல்லப்படுவது, அவர் இரண்டு குமிழ்களையும் முழுக்கத் திறந்தே வைத்திருந்தார் என்பது. உலகமே நகலெடுக்க முயன்ற அந்த ஒலி தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பியிலும் அவர் விரலிலும் பிறந்தது.

1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தது. லியோ ஃபெண்டர் பங்குகொண்ட கருவிதான் அதுவும். உள்ளே ஒரு சிறிய ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. பழைய பேஸில் குமிழால் உயர் ஒலியைக் குறைக்க மட்டுமே முடியும். இதில் கூட்டவும் முடிந்தது. நீண்ட கேபிள் போட்டாலும் ஒலி மங்கவில்லை. பதிலுக்கு, கச்சேரி நடுவே பேட்டரி தீரும் கவலை வந்தது. பிளக்கைச் செருகினால்தான் சுற்று உயிர்பெறும் என்பதால், வாசித்து முடித்ததும் பிடுங்கி வைக்கும் பழக்கமும் வேண்டியதாயிற்று. இன்று சில ப்ரீஆம்ப்கள் எபாக்சியில் மூழ்கடிக்கப்பட்ட கறுப்புக் கட்டிகளாக வருகின்றன. கெட்டால் மாற்றலாம், திறந்து சரிசெய்ய வழியில்லை. கிடைத்தவற்றின் நடுவே இந்த ஒன்றுதான் உண்மையான இழப்பு.

இரைச்சல் விஷயத்தில் இன்றே மேல். செம்புத் தாளோ கடத்தும் பெயின்ட்டோ பூசி, அதை எர்த்துடன் இணைத்த குழி அன்றைய வெறும் மரக் குழியைவிட மிக அமைதியானது. ஆனால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் வழியே கம்பிகளும் வாசிப்பவரின் கையும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்துடன் சேர்ந்துவிடுகின்றன. அதனால் எர்த்துக்கான மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு 230 வோல்ட்டில் ஆம்ப்பைச் செருகும் நம் ஊர்ப் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

சோதிக்கும் முறை மாறவில்லை. கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பிரிசிஷனில் 10 கிலோ ஓம் அருகே காட்டினால் பிக்அப்பின் காயில் நலம். 250 அருகே காட்டினால் பிக்அப் இணைப்பு அறுந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டை மட்டுமே. டோனை முழுக்க மூடியதும் அளவு சரிந்தால் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது. கரகரப்பு மட்டும் என்றால் முதலில் பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கின் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். எதையேனும் மாற்றியே ஆகவேண்டும் என்றால், கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாட்டையும் கெப்பாசிட்டரையும் ஒரு பையில் போட்டுக் கிட்டார்ப் பெட்டியிலேயே வையுங்கள்.